அடுத்த பூசைக்குள்

ஆஸ்பத்திரிக்கு என்று கட்டி வைத்திருந்த பையை அந்தோணிதாஸ் அவிழ்த்துவிட்டார். திங்கட்கிழமை காலை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த ராய்ஸ்டன் முதலில் பார்த்தது கொடியைத்தான். பைக்குள் இருந்திருக்க வேண்டிய கைலியும் துண்டும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. பல் விளக்கும் பிரஷ்கூட குளியலறைக் குவளைக்குத் திரும்பியிருந்தது.

"என்னப்பா இது?"

"போகல."

"போகலன்னா?"

"போகலன்னா போகலதான். நேத்து சாயங்காலம் கூரையில கத்திருச்சு."

எது கத்தியது என்று ராய்ஸ்டன் கேட்கவில்லை. அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

தம்பின் ஊரைத் தாண்டி உள்ளே போனால் வரும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் அது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டதிலிருந்து எலித் தொல்லை. பழம் பழுக்கும் முன்பே எலி கடித்துவிடும். விஷம் வைத்துப் பார்த்துச் சலித்துப்போய், கம்பெனி கம்பம் நட்டு அதன் உச்சியில் பலகைப் பெட்டிகளை வைத்தது. பெட்டிக்கு ஆந்தைகள் வந்தன. எலி குறைந்தது, ஆந்தை கூடியது. மலாய்க்காரர்கள் அதைப் பேய்ப்பறவை என்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் மிச்சமிருந்த தமிழ்க் குடும்பங்கள் பேரெல்லாம் சொல்வதில்லை, 'அது' என்பார்கள்.

அது கூரையில் உட்கார்ந்து கத்தினால் அடுத்த பூசைக்குள் அந்த வீட்டில் சாவு விழும். தோட்டத்துச் சிற்றாலயத்துக்குச் சாமியார் மாதத்தில் கடைசி ஞாயிறு மட்டும்தான் வருவார். ஆகவே கெடு ஒரு மாதத்துக்கு மேல் போகாது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் கத்தினார். எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகும் அவருடைய பூசையை வைத்துத்தான் கெடுவைக் கணக்குப் பண்ணினார்கள்.

அந்தோணிதாஸின் வலது காலில் சர்க்கரை வியாதியில் வந்த இனிப்பு நீர்ப் புண். பெருவிரலில் ஆரம்பித்து எலும்புவரை போய்விட்டது. சிரம்பானில் டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார்: புதன்கிழமை வார்டில் வந்து படுக்கவேண்டும், பாதத்தை எடுக்கவேண்டும். தள்ளிப்போட்டால் முழங்கால். அதையும் தள்ளிப்போட்டால் ஆள். அடுத்த பூசைக்கோ கிட்டத்தட்ட மூன்று வாரம் இருந்தது.

"பூசை முடியட்டும். அதுக்கப்பறம் உயிரோட இருந்தா நானே கார்ல ஏறி உக்காந்துக்கறேன்."

"அதுவரைக்கும் இருக்கமாட்ட. கால் கொன்னுரும்."

"பாத்தியா, நீயே சொல்ற. இருக்கமாட்டேன்னு."

பயந்து வீட்டிலேயே கிடந்தால் அப்பா சாவார். செத்தால், ஆந்தை சொன்னது சரி என்று ஆகிவிடும். கத்திய ஆந்தைக்கு வேலையே வைக்காமல் அப்பாவே அதன் வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார்.

"பெட்டியிலதான் தினமும் கத்துது. அதுக்கெல்லாம் யார் செத்தா?"

"பெட்டியில கத்தினா அதோட வேல. கூரையில கத்தினா நமக்குச் சேதி." அந்தோணிதாஸ் விரலை மடக்கத் தொடங்கினார். "மரியகொரெட்டி புருசன் செத்தப்ப கத்துச்சு. வெல்டிங்காரன் மக செத்தப்ப கத்துச்சு. உங்கம்மாவுக்கும் கத்துச்சு, நான் உன்கிட்ட சொல்லல. இன்னும் என்ன வேணும்?"

ராய்ஸ்டன் நீலாயில் ஒரு தனியார் கல்லூரியில் உளவியல் படித்துப் பாதியில் விட்டவன். வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம் வரும், வேறு காரணம் கிடையாது. இப்போது செனவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் இரவெல்லாம் விழித்திருக்கச் சம்பளம் வாங்குகிறான். படித்ததில் அவனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வகுப்பு. விரிவுரையாளர் ஒரு விதியைச் சொல்லி, நான்கு அட்டைகளை மேசையில் வைத்து, இந்த விதி பொய்யா என்று பார்க்க எவற்றைத் திருப்பவேண்டும் என்று கேட்டார். வகுப்பு முழுவதும் தப்பாகச் சொன்னது. அவனும்தான். எல்லாரும் விதிக்குப் பொருந்துகிற அட்டையைத் திருப்பினார்கள். விதி உடையக்கூடிய இடத்தை ஒருவரும் தொடவில்லை.

அப்பா பல வருடம் குலை வெட்டுபவர்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்தவர். அவரிடம் அட்டையைக் காட்டிப் பிரயோசனமில்லை. ராய்ஸ்டன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். காலிலிருந்து வந்த வாடையைப் பொருட்படுத்தாத மாதிரி காட்டிக்கொண்டான்.

"குலை வெட்டினவன் அடியில விழுந்த உதிரிப் பழத்தப் பொறுக்கணும். அதானே ரூலு?"

"ஆமா."

"நாலு மரம். ஒரு மரத்துல குலை வெட்டிருக்கு, அடி எப்படி இருக்குன்னு தெரியல. இன்னொண்ணுல வெட்டவே இல்ல. மூணாவது மரத்துக்கு அடி மட்டும் தெரியுது, சுத்தமா இருக்கு. நாலாவது மரத்தடியில உதிரி சிதறிக் கிடக்கு, மேல வெட்டினானா இல்லயான்னு தெரியல. ஆளு ஏமாத்தறானான்னு பாக்கணும். எங்கெங்க போவ?"

அந்தோணிதாஸ் யோசிக்கவே இல்லை. "வெட்டின மரத்துக்கு அடியப் பாப்பேன். உதிரி கிடக்கற மரத்த அண்ணாந்து பாப்பேன்."

"சுத்தமா இருக்கற மரம்?"

"அதுல எனக்கு என்னா வேல?"

"நீ விரல் விட்டு எண்ணின வீடெல்லாம் சுத்தமா இருக்கற மரம்பா. சாவு விழுந்த வீடு. அங்க போய்ப் பாத்து ஒண்ணும் ஆவப்போறதில்ல. சாவு விழாத வீடுதான் உதிரி கிடக்கற மரம். அங்க போய்த்தான் அண்ணாந்து பாக்கணும், கூரையில அது கத்துச்சா இல்லையான்னு."

பாதத்தைச் சுற்றியிருந்த துணியில் ஒரு ஈ உட்கார்ந்தது. அப்பா அதை விரட்டவில்லை.

"சரிடா. போய்ப் பாரு," என்றார் கடைசியில். "ஒரே ஒரு வீடு கொண்டு வா. கூரையில கத்திருக்கணும், பூசை தாண்டிருக்கணும், ஒரு பொணமும் வெளிய போயிருக்கக் கூடாது. கொண்டு வந்தியானா நான் கார்ல ஏர்றேன்."

ஒன்று போதும். ராய்ஸ்டனுக்கு அது பழக்கமான கணக்கு. தொழிற்சாலையில் அவன் வேலையே அதுதான். கையுறைகளில் நீரை நிரப்பி வரிசையாகத் தொங்கவிடுவார்கள். உப்பிப்போன விரல்களுக்குக் கீழே அவன் நடந்துகொண்டே பார்த்து வரவேண்டும். ஒரு சொட்டு விழுந்தால் அந்தக் கையுறை செத்தது. சொட்டாத கையுறை எத்தனை தொங்கினாலும் அதற்குச் சமாதானம் ஆகாது.

*

செவ்வாய்க்கிழமை காலை வேலை முடிந்து வந்தவன் முகம்கூடக் கழுவாமல் லயத்தில் இறங்கினான். முதலில் வழியை மறித்தவள் மரியகொரெட்டி. புருசனைப் போன வருடம் பறிகொடுத்தவள், அதை யாரிடமாவது சொல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது.

"தம்பி, அப்பா கூரையிலயாமே? அய்யோ. எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான்பா. அன்னிக்கு மழை வேற. தகரத்துல நகத்த வச்சு இழுத்த மாதிரி சத்தம். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே தெரியுமா, இல்ல அவர் செத்த பிறகு ஞாபகம் வந்துச்சா அக்கா?"

அவள் முகம் சுருங்கியது. "என்னா கேள்வி கேக்கற நீ?" என்று துணி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாவு விழுந்த வீட்டில் கேட்டது அதோடு சரி. மற்ற வீடுகளுக்குப் போனான். வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிற வீடுகளுக்கு.

தனியாக இருந்த இராஜமாணிக்கம் வாசலில் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தார். ரத்தக் கொதிப்பு உள்ளவர், காது அரைகுறை.

"ஐயா, உங்க கூரையில ஆந்தை கத்திருக்கா?"

"எது?"

"ஆந்தை! கூரையில!"

"கத்தினா கத்திட்டுப் போவட்டும்லா. எனக்குக் காதே கேக்காது, எனக்கு எதுக்கு அது சேதி சொல்லணும்?" அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி மேலே கூரையைப் பார்த்தார். "ஏன்பா, யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லய்யா. சும்மா கேட்டேன்."

"சும்மாவா கேப்பாங்க?"

எல்லா வீட்டிலும் அதே கதை. எதிர்பார்த்திருக்கவேண்டும், அவன் எதிர்பார்க்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஆந்தை கத்தியது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, மழைச் சத்தம்வரை. சாவு விழாத வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. ஏன் இருக்கவேண்டும்? ராத்திரி எதுவோ கத்தியது, காலையில் எல்லாரும் எழுந்து பல் விளக்கினார்கள், மறந்துபோனார்கள். விதியை உடைக்கிற சாட்சியெல்லாம் அந்தந்தக் காலையிலேயே அழிந்துபோயிருந்தது.

புதன்கிழமை பிரெண்டன் வீட்டுக்குப் போனான். குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரி ஓட்டுபவன், ராய்ஸ்டனைவிடச் சின்னவன். அவன் மனைவி ஜோசலின் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். முதல் பிள்ளை.

"எங்க கூரையிலயா? எப்ப கத்துச்சு?" என்றான் பிரெண்டன்.

"கத்துச்சுன்னு சொல்லலடா. கத்துச்சான்னு கேக்கறேன்."

"எதையும் பாக்காமயா எங்க வீட்டுக்கு வந்தீங்க?"

"எல்லா வீட்டுக்கும்தான் போறேன்."

"செத்த வீட்டுக்குப் போவலயே அண்ணே. மரியகொரெட்டி அக்கா சொன்னாங்க. உயிரோட இருக்கற வீடாப் பாத்துப் பாத்துப் போறீங்களாமே."

ராய்ஸ்டன் விளக்கப் பார்த்தான். மரம், உதிரி, சுத்தமான அடி. சொல்லச் சொல்ல அவனுக்கே அது பைத்தியக்காரன் பேச்சு மாதிரி கேட்டது. தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு விடிந்ததும் விடியாததுமாக வாசலில் நின்று, உங்கள் வீட்டில் ஏன் இன்னும் சாவு விழவில்லை என்று ஒருவன் ஆராய்ச்சி பண்ணுகிறான். ஜோசலின் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்து இருட்டுக்குள் போனாள்.

அன்று மத்தியானம் இராஜமாணிக்கம் வாசல் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். கோழிகள் அவர் காலைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தனவாம்.

மாத்திரையை அவர் நிறுத்தி ரொம்ப நாளாயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் அன்று சாயங்காலம் சாவு வீட்டில் அதை யாரும் பேசவில்லை. ஆந்தை கத்தியிருக்கும், அவருக்குக் காது கேட்டிருக்காது என்றார் ஒருவர். "கத்தவே வேணாம்," என்று மரியகொரெட்டி சொன்னது ராய்ஸ்டன் காதிலும் விழுந்தது. "ஆள் நேர்லயே போய்ச் சொல்லிட்டு வந்திருக்கு."

வெள்ளைத் துணிப் பந்தலுக்குக் கீழே அவன் பக்கத்திலிருந்த நாற்காலிகள் கடைசிவரை காலியாகவே இருந்தன.

*

புதன்கிழமைப் படுக்கை போய்விட்டது. அம்பாங்கானில் குடித்தனம் இருக்கும் அக்கா பமீலா போனில் கத்தினாள்.

"நர்ஸ்கிட்ட கெஞ்சி வெள்ளிக்கிழமைக்கு இடம் வாங்கிருக்கேன். அதையும் விட்டா அவங்க கேக்கமாட்டாங்க. நீ என்னடா அங்க வீடு வீடாப் போய்ப் பேய்க்கதை கேட்டுட்டு இருக்க? அப்பாவத் தூக்கிக் கார்ல போடு!"

"தூக்கிப்போட்டா கையெழுத்து யாரு போடுவா? அவர் போடணும்."

"நீ படிச்சு என்னா கிழிச்ச?"

"படிக்கலக்கா. பாதியில விட்டுட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

தொழிற்சாலையில் அன்றைக்கு அவன் கண் கையுறைகளில் நிற்கவில்லை. நீர் நிரம்பிய கைகள் தலைக்கு மேலே ஆடாமல் தொங்கின. கேட்ட வீடுகளை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே நடந்தான். இராஜமாணிக்கத்தைத் தவிர மற்ற எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். அப்படியானால் லயத்தார் கட்டிய புது விதி உடைந்தது. தான் கேட்டால் சாவு விழும் என்பது பொய். இவ்வளவு வீடு சொட்டுகிறதே, ஒன்றே போதுமே. மிகச் சரியான கணக்கு. ஆனாலும் அந்தக் கணக்கின் அடியில் இன்னொன்று முனகிக்கொண்டிருந்தது: இதுவரைக்கும்.

ஆந்தைக்காவது அடுத்த பூசை என்று ஒரு கெடு உண்டு. அவன் கேட்ட கேள்விக்கு யாரும் கெடு வைக்கவில்லை. அந்த வீடுகளில் யார் எப்போது செத்தாலும் அது அவன் கணக்கில்தான் சேரும். எல்லாரும் என்றைக்காவது சாகத்தான் போகிறார்கள்.

வியாழக்கிழமை காலை லயத்தின் கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் மோட்டோ பைக்கை நிறுத்தினான். அது பஞ்சாலை அக்கா வீடு. சாவு விழாத வீடுகளில் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான். பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் ஆந்தைப் பெட்டி. கூரையில் கத்தியிருந்தால் இங்கேதான் கத்தியிருக்கவேண்டும். அவனுக்குத் தேவையான ஒரு வீடு இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும். உள்ளே பஞ்சாலை யாரையோ திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தெம்பான குரல்.

அவன் இறங்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். படுக்கையில் விழுந்த பிறகு தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டினான். அப்பாவின் கால் அழுகிக்கொண்டிருக்க, கேள்வி கேட்டால் ஆள் செத்துவிடும் என்று அவன் பயந்திருக்கிறான். மரியகொரெட்டிக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

சாயங்காலம் பஞ்சாலையே பின்கதவைத் தட்டினாள். நாற்றுப் பண்ணையில் வேலை செய்பவள், கையெல்லாம் மண்.

"காலையில என் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு ஏன்டா ஓடுன?"

"ஒண்ணுமில்லக்கா."

"எல்லா வீட்டுலயும் கேட்ட. என் வீடு உனக்கு வீடா தெரியலயா? கேளு."

"வேணாம்க்கா."

"கேளுடாங்கறேன்!"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"கத்துச்சு," என்றாள் பஞ்சாலை. "மக கல்யாணத்துக்கு முந்தின மாசம். கூரை மேலயே உக்காந்துக்கிட்டு நல்லாக் கத்துச்சு. ஒருத்தரும் சாகல. கல்யாணம் நடந்துச்சு, கறிச்சோறு தின்னோம். போதுமா?"

"உண்மையாவா அக்கா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு ஒரு வீடு வேணும்னியாமே. வேணுமா வேணாமா?"

ராய்ஸ்டன் விலகி வழிவிட்டான். பஞ்சாலை உள்ளே போய் அந்தோணிதாஸின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அதையே ஒரு எழுத்து பிசகாமல் மறுபடி சொன்னாள்.

"உனக்குப் பூசை ஏது?" என்றார் அவர். "நீ மாரியம்மன் கோயிலுக்குல்ல போற."

"அது கத்தறப்ப எந்தச் சாமி வீடுன்னு கேட்டுட்டா கத்துது மண்டோரண்ணே?"

"எந்தப் பக்கமா உக்காந்துச்சு?"

"சமையக்கட்டுப் பக்கம்."

"அன்னிக்கு உன் புருசன் எங்க?"

"எங்கயோ குடிச்சிட்டுக் கிடந்திருப்பான். அவன் உருப்படியா வீட்ல இருந்தது என்னிக்கு?"

அந்தோணிதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். அறையில் இப்போது வாய்விட்டுச் சொல்லாமலே தெரிகிற அளவுக்கு வாடை. பஞ்சாலை மூக்கைப் பொத்தவில்லை, ஆனால் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றார் அவர். "அந்தப் பையக் கட்டு."

*

பாதத்தோடு நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் ஆள் போயிருப்பார் என்று டாக்டர் பமீலாவிடம் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் அந்தோணிதாஸ் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியதல்ல.

"கால் எங்க?"

"ஆஸ்பத்திரிலயே எரிச்சிருவாங்கப்பா," என்றாள் பமீலா.

"எரிக்கறதா? ஞானஸ்நானம் வாங்கின கால்டி. வாங்கிட்டு வாங்க. நம்ம கல்லறையில வைக்கணும்."

பமீலா அழுதுகொண்டே வெளியே போனாள். ராய்ஸ்டன் போய்க் கேட்டான். மலாய்க்காரர்களும் அப்படி வாங்கிப்போவது உண்டு என்பதால் அங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அப்பாவின் கால் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

தோட்டத்துக் கல்லறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். குழந்தைக்கு வெட்டுகிற அளவு. ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் என்ன செபம் சொல்வது என்று தெரியாமல் தடுமாறி, ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொன்னார். ராய்ஸ்டன் தன் கையாலேயே மண்ணைத் தள்ளினான். லயத்துக்காரர்கள் சிலர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். சாமியார் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தோணிதாஸைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பூசைக்குத் தள்ளிக்கொண்டு போனான். நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டினார். பூசை முடிந்தது. கெடு முடிந்தது. கூரையில் கத்தியது, ஆள் இருக்கிறார். யாரும் மறுக்கமுடியாத ஒரு வீடு ராய்ஸ்டனுக்குக் கடைசியில் கிடைத்துவிட்டது. அது அவன் சொந்த வீடு. அப்பாவின் காதருகே குனிந்தான்.

"பாத்தியா? பூசை தாண்டிருச்சு. அது பொய்."

"என்னா பொய்? அதுக்கு உள்ளத வாங்கிக்கிட்டுத்தானே போயிருக்கு." அந்தோணிதாஸ் வெறுமையாக மடிந்து கிடந்த கைலியைத் தட்டினார். "நம்ம வீட்டுல இருந்து கல்லறைக்குப் போச்சா இல்லயா? பூசைக்கு முன்னாடி போச்சா இல்லயா?"

பக்கத்தில் நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மரியகொரெட்டி சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு காலோடு விட்டதே, நல்ல சாவு என்றார் ஒருவர். விதி ஒழுகிய இடத்தை எல்லாருமாகச் சேர்ந்து அடைத்துவிட்டார்கள். குழியை வெட்டவைத்து, மண்ணைத் தள்ளி, அதற்கு ஒத்தாசை பண்ணியவனும் அவன்தான்.

"அப்பறம் பஞ்சாலை சொன்னதக் கேட்டு ஏன் வந்த?"

"அவ பொய் சொன்னா. அவ மக கல்யாணத்தப்ப அந்த வீட்டுக்குக் கூரையே இல்ல, காத்து தூக்கிட்டுப் போயி தார்ப்பாய் கட்டிருந்தாங்க. நான்தான் ஆபீஸ் கிராணிகிட்டப் பேசிப் புதுத் தகரம் வாங்கிக் குடுத்தேன்."

"தெரிஞ்சா வந்த?"

"கால் நாறிச்சுடா," என்றார் அந்தோணிதாஸ். "என்னாலயே தாங்க முடியல."

ராய்ஸ்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். அப்பா உயிரோடு இருக்கிறார், அதற்குத்தான் இவ்வளவும். வேறு எதுவும் வேண்டியதில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். சாமியாரின் கார் கிளம்பிப் போனது. ஆலயத்துப் பக்கவாட்டில் ஜோசலின் தனியாக நின்றிருந்தாள். அவனுக்காகத்தான் காத்திருந்தாள் என்பது அவள் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது.

"அண்ணே."

"சொல்லும்மா."

"நீங்க எங்க வீட்ல வந்து கேட்டீங்களே." அவள் குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "அது எதுவரைக்கும்?"

கேள்விக்கெல்லாம் ஒரு சக்தியும் இல்லை, கேட்ட மற்ற வீடுகளில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பல நாளாக அவளும் தூங்கவில்லை. சரியான கணக்கு அவளுக்கு எந்த வகையிலும் உதவாது.

"இந்தப் பூசை வரைக்கும்தான்," என்றான். "முடிஞ்சிருச்சு. இனி ஒண்ணுமில்ல."

அவள் விட்ட மூச்சு அவனுக்கே கேட்டது. "நெசமாவா அண்ணே?" என்று சிரித்துவிட்டு, பிரெண்டன் நின்றிருந்த பக்கம் வேகமாக நடந்தாள், அந்த வயிற்றோடு அவ்வளவு வேகம் கூடாது என்று கத்தவேண்டும்போல இருந்தது அவனுக்கு. தன் கேள்விக்கு ஒரு சக்தி இருந்தது என்று அவனே சற்றுமுன் ஒத்துக்கொண்டுவிட்டான். கெடுவும் அவனே வைத்தான். வைத்தவனுக்குத்தான் தெரியும், அது அவன் வாயில் அந்த நேரத்துக்கு வந்த பொய் என்று.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது லயத்துக்குள் மோட்டோவை மெதுவாக ஓட்டினான். கேட்ட வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு வீட்டில் ரேடியோ பாடியது. ஒரு வீட்டில் யாரோ காறித் துப்பினார்கள். நல்லது. ஒரு வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் சத்தம். பஞ்சாலை குழாயடியில் குனிந்திருந்தாள். நல்லது. பிரெண்டன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. லாரி வாசலிலேயே நின்றது. இந்நேரம் அவன் ஆலைக்குப் போயிருக்கவேண்டும்.

ராய்ஸ்டன் என்ஜினை அணைத்தான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வண்டியை விட்டு இறங்கி வாசல்வரை போய் நின்றான். தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கையைத் தூக்கினான், இறக்கினான். நின்றுகொண்டே இருந்தான்.

கதவு திறந்தது. பிரெண்டன் தூக்கக் கலக்கத்தோடு, லீவு நாளில் எழுந்தவன் மாதிரி வயிற்றைச் சொறிந்துகொண்டு வந்தான். வாசலில் நின்றவனைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. அவன் தோளுக்குப் பின்னால் ஜோசலினின் முகம் தெரிந்தது. நேற்றுச் சிரித்த முகம்.

"என்னண்ணே?" என்றான் பிரெண்டன். "என்னா விசயம்?"

"ஒண்ணுமில்ல," என்றான் ராய்ஸ்டன்.

இருவரும் அவனை நம்பவில்லை.